காத்தாடிக்குக் கீழே கரண்ட் இல்லை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள். பேசாலைக்கும் நடுக்குடாவுக்கும் இடையில் இருக்கிற மாமா வீட்டு விறாந்தையில், சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். பதினொன்றரை மணிபோல தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி தளர்ந்து நின்றது. குசினியில் மாமி சம்பலுக்கு ஓடவிட்டிருந்த மிக்சியும் பாதியில் நின்றது. "கரண்ட் போட்டுது" என்று உள்ளேயிருந்து சத்தம். மாமா வேலிக்கு மேலால் தெற்கே பார்த்தார். அங்கேயிருந்து பார்த்தால் பனை வடலிகளுக்கு மேலே ஐந்து காற்றாலைகள் தெரியும். அவையும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன.

"காத்து விழுந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

மாமா வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கினார். "காத்து இருக்கு. காத்தாடி இருக்கு. கரண்ட்தான் இல்லை."

பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுக்க மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று அமைச்சர் சொன்ன செய்தி பின்னேரம் ஃபோனில் வந்தது. மாமிக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரு குரங்கோ?" என்று மூன்று தரம் கேட்டா. குரங்கு சாட்டுத்தான். ஞாயிறு மத்தியானம் நாட்டில் மின்பாவனை குறைவு, கூரைகளில் இருந்து வரும் சூரிய மின்சாரம் அதிகம். அந்த நேரத்தில் ஒரு சின்ன அடியைத் தாங்குகிற தெம்பு வலையமைப்புக்கு இல்லை. வலையமைப்பு விழுந்தால் காற்றாலையும் நின்றுவிடும். பிடித்துக்கொள்ள வெளியிலிருந்து மின்சாரம் இல்லாமல் அது தனியே ஓடாது. ஆகவே 100 மெகாவாட் காற்றாலைப் பண்ணையின் காலடியில் இருந்துகொண்டு நாங்கள் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தோம்.

மூன்று நாள் கழித்து, 12ஆம் திகதி, மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை போடும் திட்டத்திலிருந்து விலகிக்கொள்வதாக அதானி கிரீன் எனர்ஜி இலங்கை முதலீட்டுச் சபைக்குக் கடிதம் அனுப்பியது. என் ஃபோனில் இருக்கிற குழுக்களில் பாதிப்பேர் வெடி கொளுத்தாத குறையாகக் கொண்டாடினார்கள். மீதிப்பேர், வந்த முதலீட்டையும் விரட்டிவிட்டு எந்த முகத்தோடு அபிவிருத்தி கேட்கப் போகிறோம் என்று திட்டினார்கள். நான் வவுனியாவில் கணக்காளராக வேலை செய்கிறவன். பக்கம் பிடிப்பதைவிடக் கணக்குப் பார்க்கத்தான் கை வரும். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு பக்கமும் சேர்ந்து குழம்பிப்போன கதை இது.

முதலில் தீவைச் சொல்ல வேண்டும். மன்னார் தீவு பெருநிலத்தோடு ஒரு பாலத்தாலும் தாம்போதியாலும் ஒட்டிக்கொண்டிருக்கிற மணல் நாக்கு. ஒரு முனையில் மன்னார் பட்டினம், மறுமுனையில் தலைமன்னார், அதற்கப்பால் மணல்திட்டுகள், பிறகு இராமேஸ்வரம். குறுக்கே சைக்கிளில் போய்வரலாம். மலை இல்லை, ஆறு இல்லை, சொல்லிக்கொள்ளும்படி பாறையும் இல்லை. எல்லாம் மணல். கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை அந்த மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உவர்நீருக்கு மேலே எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கும். எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த மெல்லிய நன்னீர்ப் படையில் கைவைக்கிற கிணறுகள். ஆழக் கிண்டினால் தண்ணீர் கூடும் என்று நினைத்து புதிதாக வந்தவர்கள் குழாய்க்கிணறு அடித்து உப்பை எடுத்த கதை ஊரில் நாலைந்து உண்டு. மாமா வீட்டுக் கிணறு ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குக் கீழே போக அவர் யாரையும் விடமாட்டார்.

அந்த மணலுக்கு மேலே காற்று. வைகாசி பிறந்தால் சோளகம் தொடங்கும், புரட்டாசி வரை விடாது. அது போக, ஆண்டு முடிகிற நேரம் வாடை. சின்ன வயதில் சோளகம் அடிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் உழக்குவது ஒரு தண்டனை. திரும்பி வரும்போது உழக்கவே தேவையில்லை. இந்தக் காற்றைக் காசாக்கலாம் என்று கொழும்பு கண்டுகொண்டது பிறகுதான்.

முதலில் வந்தது தம்பபவனி. 103.5 மெகாவாட், தெற்குக் கரையோரமாக 30 காற்றாலைகள், ஆசிய அபிவிருத்தி வங்கியின் 20 கோடி டொலர் கடன், உரிமை மின்சார சபைக்கு. 2020 டிசம்பரில் திறந்தார்கள். ஒவ்வொன்றும் சுற்றுகிற வட்டத்தின் விட்டம் 136 மீற்றர். ஒரு கால்பந்து மைதானத்தை அப்படியே அதற்குள் கிடத்தலாம். கடன் கொடுத்த வங்கி பறவைகளைப் பற்றி முறையான ஆய்வு வேண்டும் என்று கேட்டது, அது நடந்தது. திறந்த காலத்தில் ஊரில் பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தோம். மாமாவும் எடுத்தவர்.

அதற்குப் பிறகு இருந்து பார்த்துத்தான் சில விஷயங்கள் தெரியவந்தன. வெயில் சரிந்தபிறகு இறக்கையின் நிழல் மாமா வீட்டு முற்றத்தைக் கடந்து போகும். ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடியும் ஒன்று. பருந்து என்று நினைத்து முதல் இரண்டு மாதம் கோழிகள் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வடலிக்குள் ஓடினவையாம். பிறகு பழகிவிட்டன. "இப்ப உண்மையாப் பருந்து வந்தாலும் ஓடுதுகள் இல்லை. போன வருசம் மூண்டு குஞ்சு போட்டுது" என்றார் மாமா. இதை எந்த மதிப்பீட்டு அறிக்கையில் எழுதுவது?

பெரிய பிரச்சினை வெள்ளம். காற்றாலையைக் கொண்டுவந்து நிறுத்த அகலமான, உயர்த்திப் போட்ட ரோட்டு வேண்டும். மாரியில் தெற்கே கடலுக்கு வடிந்த தண்ணீர் இப்போது அந்த ரோட்டோடு முட்டி நிற்கிறது என்பது கரையோரக் குடியிருப்புகளில் எல்லாரும் சொல்கிற குறை. கடலில் மீன் விலகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். அதில் இந்திய இழுவைப் படகுகளுக்கு எவ்வளவு பங்கு என்று மாமாவைக் கேட்டால், "அவங்கள் பாதி" என்று ஒத்துக்கொள்வார். மற்றப் பாதி அவர் கணக்கில் காத்தாடிக்கு.

இந்தக் குறைகளை ஒரே கூடைக்குள் போடக்கூடாது என்பது என் எண்ணம். வெள்ளத்துக்கு மதகு கட்டலாம். எத்தனை மதகு, எங்கே, எவ்வளவு அகலம் என்று ஒரு பொறியியலாளர் ஒரு மாரி முழுக்க நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். முழுத் திட்டத்தின் செலவோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. அதைச் செய்யாமல் விடுவது அலட்சியம், அதைச் சூழலுக்கும் அபிவிருத்திக்கும் இடையிலான தத்துவச் சிக்கல் என்று மேடையில் பேசுவது ஏமாற்று. பறவை விஷயம் அப்படி இல்லை. அங்கே மதகு கட்ட முடியாது.

மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிற பறவைகளுக்கு இந்தியாவின் தென்கோடி தாண்டினால் கால்வைக்க இருக்கிற முதல் தரை எங்கள் தீவு. இலங்கைக்குத் தெற்கே துருவம் வரை வெறும் கடல் என்பதால் இந்த நாடே அவற்றுக்குக் கடைசித் தரிப்பிடம். தாம்போதிக்கு அந்தப் பக்கம் வங்காலைச் சரணாலயம், 4,839 ஹெக்டேர், 2010 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. தை மாதத்தில் பஸ்ஸில் போனால் யன்னல் வழியாகவே ஊசிவால் வாத்துகளும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும் தெரியும். மன்னாரில் பிடித்து ஜிபிஎஸ் கருவி மாட்டிவிட்ட ஒரு கடற்காகம், மேகா என்று பெயர் வைத்திருந்தார்கள், ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போனது. கடற்காகத்தை நாங்கள் கருவாடு திருடுகிற சனியனாகத்தான் பார்த்திருக்கிறோம். அந்தச் செய்தியைப் படித்த பிறகு வாடிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொன்றையும் ஒரு மரியாதையோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி அதானி.

2022ஐ நினைவுபடுத்த வேண்டியதில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டு. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை. அதே மார்ச்சில்தான் மன்னாரில் 286 மெகாவாட், பூநகரியில் 234 மெகாவாட் என்று அதானியோடு உடன்பாடு வந்தது. மொத்த முதலீடு பிறகு 44 கோடி 20 இலட்சம் டொலர் என்று வந்தது. விலைமனுக் கோரல் கிடையாது. ஜூன் 9இல், போட்டி விலைமனு கட்டாயம் என்கிற நிபந்தனையை எடுத்துவிடும் மின்சாரச் சட்டத் திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. அடுத்த நாள், இந்தியப் பிரதமரின் அழுத்தம் இருப்பதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று மின்சார சபையின் அப்போதைய தலைவர், அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றக் குழுவான கோப் குழுவில் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று தலைவர் வாபஸ் வாங்கினார், பதவியையும் விட்டார்.

பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுகிறவள் வட்டி வீதம் கேட்பதில்லை. கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு வருவாள். அந்த வருடம் நாடு அப்படித்தான் நின்றது. அதற்காக அவளைக் குற்றம் சொல்லமுடியாது. ஆனால் அந்த அடகுத் துண்டில் எழுதிய வட்டி இருபது வருடத்துக்குத் தொடரும் என்றால், பிறகாவது ஒருவர் எடுத்துப் படிக்க வேண்டும்.

துண்டில் இருந்த விலை 2024 மே மாதம் அமைச்சரவையால் வந்தது: ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம், 20 வருடம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் கிட்டத்தட்ட 25 ரூபா. டொலரில் கட்டிய விலை, ரூபா விழுந்தால் நாங்கள் கூடக் கொடுக்க வேண்டும். பிறகு உள்ளூர்க் கம்பனிகளோடு போட்டி விலைமனுவில் மன்னாருக்கே போன சிறிய திட்டங்களுக்கு ஐந்து சதத்துக்கும் குறைவாக விலை வந்தது. மூன்று சதம் வித்தியாசம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மன்னார்ப் பகுதி கடைசியில் 250 மெகாவாட், 52 காற்றாலை என்று வந்து நின்றது. வருடத்தில் நாற்பது வீத நேரம் முழு வேகத்தில் ஓடுவதற்குச் சமம் என்றால் 87 கோடி 60 இலட்சம் அலகு. மூன்று சதத்தால் பெருக்கினால் வருடம் 2 கோடி 60 இலட்சம் டொலர். இருபது வருடத்துக்கு 52 கோடிக்கு மேல். இரண்டு இடத்திலும் சேர்த்துப் போடுவதாகச் சொன்ன முதலீட்டைவிட, கூடுதலாகக் கொடுக்கிற காசு மட்டும் அதிகம். இருபது வருடத்துக் காசை இன்றைய காசோடு நேரே கூட்டக்கூடாது என்று எனக்கும் தெரியும். கழித்துப் பார்த்தாலும் கை கடிக்கிற தொகைதான்.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நல்ல கணக்காளன் இல்லை. காற்றுக்குக் காசு இல்லை. நிலக்கரி மாதிரி மாதாமாதம் கப்பலில் வரவேண்டியதில்லை. ஆகவே காற்றாலையின் செலவில் பெரும்பங்கு முதல் நாளே போடுகிற பணம், அந்தப் பணத்துக்குக் கட்டுகிற வட்டி. கடன் கட்டாத நாட்டில் பணம் போடுகிறவன் வட்டியைக் கூட்டித்தான் கேட்பான். பணக்கார நாட்டில் மலிவாக விற்கிற அதே காற்று எங்களிடம் விலை கூடுவதற்கு இதுதான் காரணம். வசதி இல்லாதவனுக்குத்தான் சுத்தமான மின்சாரமும் விலை கூட. 2022இல் ஒப்பந்தத்துக்கு உட்கார்ந்தவர்களின் கையில் துருப்புச்சீட்டு எதுவும் இருக்கவில்லை. 2025இல் போட்டியில் விலை விழுந்ததற்கு நாடு கொஞ்சம் மூச்சுவிட்டதும் ஒரு காரணம்.

2024இல் சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் போயின. பறவைப் பாதை, வெளிப்படைத்தன்மை, விலைமனு இல்லாமை எல்லாம் மனுக்களில் இருந்தன. காற்றாலை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தீவை விட்டுப் பெருநிலத்தின் கரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆட்சி மாறியது. புதிய அரசாங்கம் அந்த விலை அனுமதியைத் திரும்பப்பெற்று, மறுபடி பேசுவோம் என்றது. கம்பனி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. ஆக, அந்த 52 காற்றாலைகளை நிறுத்தியது ஊசிவால் வாத்து இல்லை, 8.26 சதம். பறவைக்காகப் போட்ட வழக்கு தீர்ப்பைப் பார்க்கும் முன்பே விலைத் தகராறு எல்லாவற்றையும் முடித்துவிட்டது. கொண்டாடிய நண்பர்கள் பலர் இதைக் கவனிக்கவில்லை. விலை ஆறு சதமாக இருந்திருந்தால் பறவைகளின் கதி என்ன?

அந்தக் கேள்விக்கு மறுமொழி ஆறு மாதத்தில் வந்தது.

2025 ஓகஸ்ட் தொடக்கத்தில் இரவோடு இரவாகப் பெரிய லொறிகளில் காற்றாலைப் பாகங்கள் மன்னாருக்குள் வந்தன. இந்தமுறை வெளிநாட்டுக் கம்பனி இல்லை. உள்ளூர்க் கம்பனிகள். விலை மலிவு. விலைமனு கேட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். இரண்டு திட்டத்திலும் சேர்த்து 14 காற்றாலை, 70 மெகாவாட். முன்பு நாங்கள் குறையாகச் சொன்ன எல்லாம் திருத்தியாகிவிட்டது. சனம் ரோட்டில் இறங்கியது. பாதிரிமார், மௌலவிமார், மீனவர் சங்கம், கைப்பிள்ளையோடு தாய்மார். ஓகஸ்ட் 13இல் ஜனாதிபதி ஒரு மாதத்துக்கு வேலையை நிறுத்தச் சொன்னார். செப்டெம்பர் 26 இரவு மறுபடி பாகங்கள் வந்தபோது பொலிசார் வந்து சனத்தை அகற்றினார்கள், அடி விழுந்தது, காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 29ஆம் திகதி மன்னாரில் கடை திறக்கவில்லை.

கொழும்பில் இருக்கிற என் நண்பன் ஒருவன், முற்போக்கானவன், அதானிக்கு எதிராகப் பக்கம் பக்கமாக எழுதியவன், எரிச்சலோடு கேட்டான்: "இப்ப என்னடா பிரச்சினை உங்களுக்கு? மலிவு, உள்ளூர், டென்டர். நுரைச்சோலையில நிலக்கரிதான் எரிக்கோணுமா?"

அவன் கேட்டதில் பிழை இல்லை. நுரைச்சோலை 900 மெகாவாட், சீனக் கடனில் கட்டியது. அந்தச் சாம்பலையும் தூசியையும் கற்பிட்டிப் பக்கத்துச் சனம் சுவாசிக்கிறது. அவர்களும் எங்களை மாதிரி மீன்பிடிக்கிற சனம்தான். நாங்கள் மறிக்கிற ஒவ்வொரு காற்றாலைக்கும் பதிலாக அங்கே கரி எரியும் என்பது உண்மை. 2030க்குள் 70 வீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க வழியில் என்று நாடு குறி வைத்திருப்பதும் உண்மை. சம்பூரில் இந்தியாவோடு சேர்ந்து கட்ட இருந்த அனல்மின் நிலையத்தை 2016இல் கைவிட்டு, இப்போது அதே இடத்தில் சூரிய மின்சாரம் என்று வந்திருக்கிறார்கள். அதை நான் வரவேற்கிறவன். அவனுக்கு என்னால் உடனே பதில் சொல்லமுடியவில்லை.

பதில் மணலில் இருந்தது. காற்றாலைக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் இரண்டாவது வசனத்திலேயே மணலுக்கு வந்துவிடுவதைக் கவனித்தேன். மன்னார் மணலில் இல்மனைற் என்கிற கனிமம் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ற் முதல் பற்பசை வரை வெள்ளையாக்குகிற தைத்தானியம் ஒட்சைட்டை அதிலிருந்து எடுக்கிறார்கள். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி கரையில் இழுத்துக்கொண்டு ஓடுவோம்; கருமணல் மயிர் முளைத்தமாதிரி ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு அது விளையாட்டு. ஓர் ஆஸ்திரேலியக் கம்பனி அதற்கு ஆய்வு அனுமதி எடுத்து, தீவு முழுக்கத் துளை போட்டுப் பார்த்திருக்கிறது. சூழல் மதிப்பீட்டுக்காக நிலம் பார்க்க வந்த அதிகாரிகளைச் சனம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை திருப்பி அனுப்பியது. மணலை எடுத்துக் கழுவி, கனிமத்தைப் பிரித்துக்கொண்டு மிச்சத்தை அங்கேயே போட்டு நிரப்புவோம் என்பது பொதுவாக இப்படியான அகழ்வுகளில் சொல்லப்படுவது. நிரப்பலாம். மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த அடுக்கையும் அதேமாதிரி அடுக்கிக்கொடுப்பார்களா என்பதுதான் கிணறு வைத்திருக்கிறவனின் கேள்வி.

மாமா வீட்டுக்கும் ஒரு வானில் ஒருவர் வந்திருக்கிறார். நல்ல தமிழ், நல்ல சேர்ட். எந்தக் கம்பனி என்று சொல்லவில்லை. பின் வளவு இரண்டு ஏக்கர் பனங்காணிக்கு விலை கேட்டார். சொன்ன தொகை ஊர் விலையைப்போல மூன்று மடங்கு. "என்னத்துக்கு வாங்கிறீங்கள்?" என்று மாமி கேட்டதுக்கு, "தோட்டம் செய்ய" என்றாராம். அந்த மணலில் என்ன தோட்டம் என்று மாமி இன்றைக்கும் சிரிப்பா. அவர் தந்துவிட்டுப் போன விசிட்டிங் காட் இப்பவும் வேளாங்கண்ணி மாதா கலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது. எறியவில்லை. மாமாவின் மூத்த மகன் கட்டாருக்குப் போன கடன் இன்னும் முடியவில்லை என்பதும் நான் அறிந்ததே.

கொழும்பு நண்பனுக்குத் தெரியாதது இதுதான். அவனுக்குக் காற்றாலை ஒரு திட்டம், மணல் இன்னொரு திட்டம், விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தில் இறால் வளர்ப்புக்கு 168 ஹெக்டேரை வெட்டி எடுக்க 2024இல் வந்த வர்த்தமானி மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சு, தனி அறிக்கை, தனி நியாயம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றையும் 'சமாளிக்கலாம்' என்று எழுதிவிடலாம். மாமாவுக்கு இருப்பது ஒரு முற்றம். காற்றாலை நிழல், நிற்கிற வெள்ளம், காணி கேட்கிற வான், எல்லாம் அந்த ஒரே முற்றத்துக்குத்தான் வருகின்றன. இந்தத் தீவு மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டு, அதற்குள் அடங்குகிறதை மட்டும் வெளிநாட்டுக்காரனுக்கோ உள்ளூர்க்காரனுக்கோ விலைமனுவில் விடுங்கள் என்பது என் வாதம். 30 காற்றாலை தாங்குமா, 44 தாங்குமா, மணலைத் தொடவே கூடாதா, அந்தத் தொகைக்கணக்கு வேண்டும். எங்கள் முறையில் முதலீட்டாளன் வந்து இடத்தைக் காட்டிய பிறகுதான் மதிப்பீடே தொடங்குகிறது. செலவு செய்பவனும் அவன், ஆய்வாளருக்குக் கூலி கொடுப்பவனும் அவன்.

அந்த மதிப்பீட்டு அறிக்கைகள் எப்படி இருக்கும் என்று ஒருதடவை பார்த்திருக்கிறேன். வேறொரு திட்டம், வேறொரு மாவட்டம், பெயர் வேண்டாம். பொதுமக்கள் பார்வைக்கு என்று அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். மூன்று தொகுதி, தலையணை மொத்தம். ஒரு மேசை, ஒரு கதிரை, மின்விசிறிக்குக் கீழே இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பை இரண்டு மணித்தியாலம் படித்தேன். நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயம் எனக்குப் புரியவேயில்லை, சிங்களப் பிரதியை வைத்துக்கொண்டு தமிழை விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. போட்டோக் கொப்பி எடுக்கலாமா என்று கேட்டேன். இயந்திரம் பழுது என்றார்கள். கருத்துச் சொல்லும் கால எல்லை அடுத்த வெள்ளியோடு முடிந்தது. நான் எதுவும் எழுதி அனுப்பவில்லை, அது என் பிழை.

அதனால்தான் ஓகஸ்டில் அந்த ஒரு மாத அவகாசம் கிடைத்தபோது மாமா ஃபோன் எடுத்து, "நீ எழுதுற ஆள்தானே, எங்களுக்கு ஒரு மனு எழுதித் தா" என்றதும் அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினேன். சோளகம் உச்சத்தில் இருந்தது. விறாந்தையில் கடதாசி பறக்காமல் இருக்க ஒரு பக்கம் வெற்றிலைத் தட்டமும் மறுபக்கம் மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூடும் வைத்தோம். தெற்கே ஐந்தும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நான் நல்லபிள்ளையாக மத்திய ஆசியப் பறவைப் பாதையில் தொடங்கினேன். மாமா நிறுத்தினார்.

"முதல் கிணறு."

எழுதினேன்.

"ரெண்டாவது வாய்க்கால். எங்கெங்க தண்ணி நிக்குது எண்டு நான் சொல்லுறன், எழுது." பதினொரு இடம் சொன்னார். ஆள் பெயர், வளவுப் பெயர், எந்த வருடம் முழங்கால் மட்டும், எந்த வருடம் படி மட்டும். அதற்கே ஒன்றரைப் பக்கம் போனது. எந்தப் பொறியியலாளரும் ஒரு மாரி நடந்து எடுக்கவேண்டிய பட்டியல், வெற்றிலை போட்டுக்கொண்டு அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது.

"மூண்டாவது மணல். ஒருத்தனுக்கும் இல்லை எண்டு எழுது. உள்ளூரானுக்கும் இல்லை."

"அந்தக் காட்?" என்றேன்.

கலண்டர் பக்கம் பார்த்துவிட்டு, "அது வேற கதை" என்றார்.

"பறவை?"

கொஞ்ச நேரம் யோசித்தார். குசினியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "பறவையையும் போடு மருமகன். அதுகளுக்கு மனு எழுத ஆர் இருக்கினம்."

நான்காவதாகப் பறவையைப் போட்டேன். காற்றாலை வேண்டாமா, இத்தனை போதும் என்று எழுதுவதா என்று கேட்டேன். இருக்கிற முப்பதையும் கழற்றச் சொல்லி எழுத வேண்டாம், அதுக்கு முதல் மதகு கட்டட்டும், புதுசு பெருநிலத்தில் போடட்டும் என்றார். முழுவதையும் ஒருதரம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், முடிந்ததும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, "நாலு பக்கம் வந்திட்டுது" என்றார். "கொழும்பில நாலு பக்கம் வாசிப்பாங்களோ?"